மனனமும் பொருளும்



119ஆம் சங்கீதத்தின் 176 வசனங்களும் எபிரேய எழுத்துகள் 22-க்கும் எட்டெட்டாக, அவ்வவ்வெழுத்தே முதலாக அமைந்தவை. மனனம் செய்வார்க்கு நல்ல துணை. தமிழில் அத்துணை நமக்கில்லை, செவியே கதி.

எழுத்தறியாத என் பாட்டியார் 23ஆம் சங்கீதத்தைச் செவிவழியே கற்றவர். கூலிக்குப் பிறர் ஆடு மேய்த்தவர். ஓய்வுநாள் பள்ளியில் அதனை ஒரே மூச்சில் ஒப்பித்துப் பரிசுடன் வந்த என்னை, "புல்வெளியில் 'அவர்' என்றவன், இருட்டுப் பள்ளத்தாக்கில் ஏனடா 'தேவரீர்' என்கிறான்?" என வினவினார். விழித்தேன். பரிசு கையிலிருந்தது, விடை இல்லை.

"பயந்த ஆடு மேய்ப்பன் காலோடு ஒட்டிக்கொள்ளும், எட்ட நின்று பேசாது" என்றார்.

அதன்பின் எவ்வசனத்தையும் ஒப்பிக்குமுன், யார் யாரிடம் பேசுகிறார் என்று பார்க்கலானேன்; பள்ளிப் பாடத்தையும் அவ்வாறே.