வில்லில் வாழும் தெய்வங்கள்



ஒரு மக்கட் கூட்டத்தார் தம் முன்னோர் வணங்கிய தெய்வங்களின் வரலாற்றைக் கற்பதற்கு இரண்டு வழிகள் உண்டு. அக்கதைகளை அறிந்தவரை அணுகிக் கேட்டறிதல் ஒன்று. அறிந்தவரெல்லாம் மறைந்தபின் எஞ்சிய ஏடுகளைத் துருவி உய்த்துணர்தல் மற்றொன்று. முதல் வழி நமக்கு இன்னும் அடைபடவில்லை. அது திறந்திருக்கும்போதே அதன் அருமையை நாம் உணரவேண்டும் என்பதே என் பேச்சின் கருத்து.

இரண்டாவது வழியையே நம்பவேண்டிய நிலைக்கு வந்தவர்கள் வட ஐரோப்பிய மக்கள். கிறிஸ்தவ சமயத்தைத் தழுவுமுன் ஜெர்மானிய இனத்தார் ஓடின், தோர், பிரிக் முதலிய தெய்வங்களை வணங்கினர். அவர்தம் வழிபாட்டைப் பற்றிக் கி.பி. 98-ஆம் ஆண்டளவில் குறிப்பெழுதிய டாசிட்டஸ் ஒரு ரோமானியர், அயலார். ஐஸ்லாந்துத் தீவில் இருந்துகொண்டு அத்தெய்வக் கதைகளைத் தொகுத்து 'எட்டா' என்னும் நூலை இயற்றிய ஸ்னோரி ஸ்டர்லூசன், அத்தீவு கிறிஸ்தவ சமயத்தை ஏற்று இருநூறு ஆண்டுகள் கழிந்தபின் எழுதியவர், அவரும் கிறிஸ்தவரே. பழம்பாடல்களில் வரும் தெய்வக் குறிப்புகள் விளங்காமற் போனால் கவிதைக் கலையே கெடுமென்று கருதி அந்நூலை எழுதினார். வழிபட்டவர்களே எழுதிவைத்த சமயநூல் ஒன்றும் கிடைக்கவில்லை. ஆங்கிலக் கிழமைகளில் செவ்வாய் முதல் வெள்ளி வரையுள்ள நான்கின் பெயர்களும் அத்தெய்வங்களின் பெயர்களே. நாள்தோறும் அவற்றைச் சொல்பவருள் அதனை அறிந்தவர் எத்தனை பேர்? 1972-ஆம் ஆண்டில் ஐஸ்லாந்தில் சிலர் அவ்வழிபாட்டை மீண்டும் தொடங்கினர். மறு ஆண்டே அரசின் ஏற்பையும் பெற்றனர். ஆயினும் பாட்டனிடம் கேட்கவேண்டியதை அவர்கள் புத்தகத்திடம் அல்லவா கேட்க நேர்ந்தது!

அந்த ஜெர்மனி நாட்டிலிருந்தே சீகன்பால்கு என்னும் பாதிரியார் 1706-ஆம் ஆண்டில் தரங்கம்பாடிக்கு வந்தார். மதம் மாற்ற வந்தவரேனும் தமிழரோடு உரையாடியும், கடிதம் எழுதி விடை பெற்றும், நம் தெய்வங்களின் வரலாற்றை 1713-இல் ஒரு நூலாக எழுதி முடித்தார். சிவனையும் திருமாலையும் சொன்னதோடு அவர் நிற்கவில்லை. ஐயனார், மாரியம்மன், பிடாரி, அங்காளம்மன் என்று ஊர்த்தெய்வங்களுக்கும் அதில் இடம் தந்தார். அந்நூல் 1867-ஆம் ஆண்டில்தான் சென்னையில் அச்சேறியது. தம் சொந்த மண்ணின் பழந்தெய்வங்களைப் பற்றி அவர் இவ்வாறு கேட்டெழுதியிருக்க இயலாது. அங்கே சொல்வதற்கு ஆளில்லை, இங்கே இருந்தார்கள்.

இன்றும் இருக்கிறார்கள். எங்கள் புதியம்புத்தூர் கரிசற்பூமியிலுள்ள ஊர். விளைச்சல் வீடு வந்து, நிலம் வெடித்துக் கிடக்கும் கோடையில் இவ்வட்டாரத்துக் கோயில்களில் கொடைவிழா நடைபெறும். கொடைக்கு உயிர் வில்லுப்பாட்டு. மணிகள் கட்டிய நீண்ட வில்லைக் குடத்தோடு இணைத்து வைத்து, வீசுகோலால் நாணைத் தட்டிப் புலவர் கதையைத் தொடங்குவார். அவரோடு வலப்பக்கத்தார் பாட, இடப்பக்கத்தார் வாங்கிப் பாடுவர். உடுக்கையும் குடமும் தாளமும் கூடிச் செல்லும். தெய்வத்தின் பிறப்பு, வளர்ப்பு, வழக்கு, சாவு என்று கதை ஏறும். உச்சத்தை எட்டும்போது சாமியாடியின் உடல் நடுங்கும். தெய்வம் வந்துவிட்டதென்று ஊர் கைகூப்பும். ஆகவே இப்பாட்டைப் பொழுதுபோக்கென்று கொள்வது பொருந்தாது. கதை பிழைபட்டால் வழிபாடும் பிழைபடும் என்பது கேட்போரின் நம்பிக்கை.

இத்தெய்வங்களில் ஒரு பகுதியினர் தெய்வப்பிறவிகள். மற்றொரு பகுதியினர் நம்மைப் போல் மனிதராய்ப் பிறந்து, அநியாயமாக வெட்டுண்டும் குத்துண்டும் மாண்டவர்கள். கொன்றவரைத் தண்டிக்க அரசன் இல்லாதபோது, கொல்லப்பட்டவருக்குக் கோயில் எடுத்து ஆண்டுதோறும் அவர் கதையைப் பாடவைத்தது ஊர். ஏட்டில் ஏறாத வழக்குகளுக்கு வில்லே நீதிமன்றம் ஆயிற்று.

முத்துப்பட்டன் கதையை எடுத்துக்கொள்வோம். அந்தணனாகப் பிறந்த அவன், தோல்தொழில் செய்யும் அருந்ததியர் குலத்துப் பொம்மக்கா, திம்மக்கா என்னும் சகோதரியரை விரும்பினான். அவர்கள் தந்தை வாலப்பகடை விதித்தபடி பூணூலையும் குடுமியையும் களைந்து, செருப்புத் தைத்து, அவர்களை மணந்தான். பின்னர் ஆநிரை கவர்ந்த கள்வரோடு பொருது வஞ்சனையால் மாண்டான். மனைவியர் இருவரும் தீப்புகுந்தனர். இக்கதைப்பாடலை ஆராய்ந்து பதிப்பித்த பேராசிரியர் நா. வானமாமலை ஓர் உண்மையைச் சுட்டிக் காட்டினார். அப்பெண்கள் அந்தணர் பெற்றுக் காட்டில் விட்ட குழந்தைகளே என்றும், வாலப்பகடை எடுத்து வளர்த்தவனே என்றும் பிற்காலத்தார் சிலர் ஒரு பகுதியைப் புகுத்திவிட்டனர் என்பதே அது. சாதி கடந்த மணம் உறுத்தியது போலும்! ஆனால் பாபநாசத்துக்கு மேலே காரையாற்றில் சொரிமுத்து ஐயனார் கோயிலுக்குச் சென்று பாருங்கள். அங்கே பட்டவராயன் சன்னிதியில் அடியவர் இன்றும் காணிக்கையாகச் செருப்புக் கட்டுகிறார்கள். ஏட்டை மாற்றியவர்களால் அந்தக் காணிக்கையை மாற்ற முடியவில்லை. பாட்டையும் சடங்கையும் சேர்த்துக் கற்றாலன்றி உண்மை விளங்காது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

எங்கள் ஊருக்கு அணித்தேயுள்ள பாஞ்சாலங்குறிச்சியும் இதையே சொல்லும். கட்டபொம்மன் 1799-இல் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டான். 1801-இல் ஊமைத்துரையின் கோட்டையையும் கும்பினியார் தரைமட்டமாக்கினர். அரசினர் அங்கே நினைவுக்கோட்டை எழுப்பியது 1974-ஆம் ஆண்டில். இடைப்பட்ட காலம் முழுவதும் கட்டபொம்மனையும் அவன் வணங்கிய சக்கம்மாவையும் காத்தது கதைப்பாடலும் கூத்துமே அல்லவா?

இன்றைய நிலை என்ன? எங்கள் ஊர்த் தெருக்களில் தையல் இயந்திரங்களின் ஓசை கேட்கிறது. ஆயத்த ஆடைத் தொழில் பல குடும்பங்களை வாழவைக்கிறது, அது மகிழத்தக்கதே. ஆனால் இரவு முழுதும் அமர்ந்து கதை கேட்பாருக்கு ஓய்வில்லை. விடிய விடியப் பாடிய கதை ஓரிரு மணி நேரத்தில் முடிகிறது. எஞ்சிய நேரத்தை இன்னிசைக் கச்சேரி எடுத்துக்கொள்கிறது. சுருக்கும்போது முதலில் விழுவது எது? ஊராருக்கு உறுத்தும் பகுதியே விழுகிறது. யார் கொன்றார், ஏன் கொன்றார் என்பது போய்விட்டால், எஞ்சுவது பெயரும் பொங்கலும் மட்டுமே.

ஆகவே கொடை நடத்தும் பெரியோர்களை நான் வேண்டிக்கொள்வது இது: ஓரிரவாவது முழுக்கதையையும் பாடச் சொல்லுங்கள். இளைஞர்களே, உங்கள் சட்டைப்பையிலுள்ள கைபேசியால் அதைப் பதிவு செய்யுங்கள். அடுத்த ஊரில் அதே கதையை வேறுவிதமாகப் பாடினால் இரண்டையும் எழுதிவையுங்கள். ஒன்றைத் திருத்தி மற்றொன்றோடு ஒட்டவேண்டாம். பாடுபவரிடம் பொருள் கேளுங்கள். பூசை செய்பவரிடம் காரணம் கேளுங்கள். தெய்வ நம்பிக்கை உடையவர் பக்தியோடு கேட்கலாம். இல்லாதவர் வரலாற்று ஆர்வத்தோடு கேட்கலாம். கேட்பதற்கு ஆள் உள்ளவரையில்தான் சொல்வதற்கும் ஆள் இருப்பார்.