தெருவைப் பார்த்து வாசிக்கும் நால்வர்

(‘இசையும் சாதியும்’ என்ற தலைப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தலைப்பைப் பார்த்ததும் நான் பறையைப் பற்றிப் பேசுவேன் என்று நினைத்திருப்பீர்கள். அதைப் பற்றிப் பேச என்னைவிடத் தகுதியானவர்கள் முன்வரிசையிலேயே உட்கார்ந்திருக்கிறார்கள். கொஞ்ச நேரத்தில் அடிக்கவும் போகிறார்கள். நான் வயலின் கற்றவன். அதனால் வயலின், வயோலா, செல்லோ வாசிக்கிற சிலரைப் பற்றிப் பேசுகிறேன். அவர்கள் நம் ஊர்க்காரர்கள் இல்லை. அமெரிக்காவில் ரோட் ஐலண்ட் மாநிலத்தின் பிராவிடன்ஸ் நகரத்தில் இருக்கிறார்கள்.

அந்த நகரத்தின் பெயர் நம்மில் சிலருக்குத் தெரிந்திருக்கும். 2022 டிசம்பரில் அங்குள்ள பிரவுன் பல்கலைக்கழகம் தன் பாகுபாட்டு எதிர்ப்பு விதிகளில் ‘சாதி’ என்ற சொல்லை வெளிப்படையாகச் சேர்த்தது. ஐவி லீக் பல்கலைக்கழகங்களில் பல்கலைக்கழகம் முழுமைக்குமாக அப்படிச் செய்தது அதுதான் முதல். நாம் அதைக் கொண்டாடினோம், சரிதான். ஆனால் அந்தப் பல்கலைக்கழகம் எங்கே நிற்கிறது என்றும் பார்க்க வேண்டும். ஒரு மேட்டின்மேல் நிற்கிறது. மேட்டுக்கே ‘காலேஜ் ஹில்’ என்றுதான் பெயர். கீழே இறங்கி, நகரின் மையத்தைத் தாண்டினால் வெஸ்ட் எண்ட், சவுத் சைடு என்று குடியிருப்புகள் வரும். கறுப்பின மக்கள், லத்தீன் அமெரிக்காவிலிருந்து வந்த உழைக்கும் குடும்பங்கள், கம்போடியா போன்ற நாடுகளிலிருந்து அகதிகளாக வந்தவர்கள் அங்கே வாழ்கிறார்கள். ஊர், சேரி என்று நான் சொல்லாமலே உங்களுக்கு விளங்கும்.

மேட்டின் கதை இன்னும் பழையது. 1764இல் அந்தக் கல்லூரிக்குச் சாசனம் கிடைத்தது. அதே 1764இல் பிரவுன் சகோதரர்கள் ‘சாலி’ என்ற அடிமைக் கப்பலை ஆப்பிரிக்காவுக்கு அனுப்பினார்கள். அந்தக் கப்பலின் தலைவன் வாங்கிய 196 பேரில் குறைந்தது 109 பேர் செத்துப்போனார்கள். அந்தக் குடும்பத்தின் பெயரைத்தான் கல்லூரி பிறகு சூட்டிக்கொண்டது. இதை நான் கண்டுபிடித்துச் சொல்லவில்லை. பல்கலைக்கழகமே ஒரு குழு அமைத்து, 2006இல் அறிக்கையாக வெளியிட்டது. நம் ஊர்க் கல்லூரிகளில் எத்தனை இப்படித் தன் அடித்தளத்தைத் தோண்டிப் பார்த்திருக்கின்றன?

அந்த மேட்டில் படித்து முடித்த ஒரு வெள்ளை இளைஞர், செபாஸ்டியன் ரூத். வயலினும் வயோலாவும் வாசிப்பவர். பாவ்லோ பிரேயரையும் மாக்ஸீன் கிரீனையும் படித்தவர். 1997இல் பல்கலைக்கழகத்தின் பொதுச்சேவை மையம் தந்த உதவித்தொகையை வைத்துக்கொண்டு ‘கம்யூனிட்டி மியூசிக்வொர்க்ஸ்’ என்ற அமைப்பைத் தொடங்கினார். அதன் மையத்தில் இருந்தது நான்கு பேர் கொண்ட ஒரு குழு, பிராவிடன்ஸ் ஸ்ட்ரிங் குவார்ட்டெட். இரண்டு வயலின், ஒரு வயோலா, ஒரு செல்லோ. ஜெஸ்ஸி ஹோல்ஸ்டைன், மின்னா சோய், சாரா ஸ்டால்னேக்கர், ஜெஸ்ஸி மான்ட்கோமரி ஆகியோர் வெவ்வேறு காலங்களில் அதில் வாசித்தார்கள். (நால்வர் என்றதும் எனக்குத் தஞ்சை நால்வர் ஞாபகம் வருகிறது. அவர்களில் ஒருவரான வடிவேலு, வயலினை நம் இசைக்குள் கொண்டுவந்தவர்களில் ஒருவர், இசை வேளாளர். அந்த வயலின் அப்புறம் யார் மடிக்குப் போய்ச் சேர்ந்தது என்பதை டிசம்பர் மாதத்துச் சபா அழைப்பிதழ்களில் பார்த்துக்கொள்ளுங்கள்.)

ஏழைப் பிள்ளைகளுக்கு இலவசமாகச் சொல்லிக்கொடுத்தார்கள், அவ்வளவுதானே என்று கேட்கலாம். இலவச வகுப்பு உலகத்தில் எங்கும் உண்டு. இங்கே நடந்தது வேறு.

மேற்கத்திய இசையில் இப்படிப்பட்ட நால்வர் குழுவுக்கு ‘ரெசிடென்சி’ என்று ஒரு ஏற்பாடு உண்டு. ஒரு பல்கலைக்கழகமோ இசைக்கல்லூரியோ அவர்களைத் தன்னிடம் வைத்துக்கொள்ளும். சம்பளம், பயிற்சிக்கு அறை, அரங்கு எல்லாம் அங்கேயே. குழு அந்த நிறுவனத்தின் வாசி. ரூத் கேட்டது ஒரே ஒரு கேள்வி. ஒரு குவார்ட்டெட் ஏன் பல்கலைக்கழகத்தில்தான் குடியிருக்க வேண்டும்? ஒரு தெருவில் ஏன் குடியிருக்கக் கூடாது?

குடியிருந்தார்கள். வெஸ்ட் எண்டில், வெஸ்ட்மின்ஸ்டர் தெருவில், ஒரு கடையின் முன்னறையை எடுத்தார்கள். தெருவைப் பார்த்த கண்ணாடி. அதற்குள் உட்கார்ந்து பயிற்சி செய்தார்கள். கச்சேரி இல்லை, பயிற்சி. இந்த வேறுபாட்டில்தான் என் பேச்சே இருக்கிறது. கச்சேரியில் நீங்கள் பார்ப்பது முடிந்த பொருள். பயிற்சியில் பார்ப்பது வேலை. ஒரே இடத்தைப் பத்து முறை வாசிக்கிறார்கள். செல்லோக்காரர் நிறுத்தி, நீ முந்துகிறாய் என்கிறார். வயலின்காரர் இல்லை என்கிறார். மறுபடி வாசித்துப் பார்க்கிறார்கள். இந்த இசைக்கு நடத்துநர் கிடையாது, கோல் பிடித்து முன்னால் நிற்க யாரும் இல்லை. ஒரு குரலுக்கு ஒரு ஆள். ஒருவர் மூச்சை மற்றவர் கவனிக்காவிட்டால் நடக்காது. பள்ளிவிட்டு வருகிற பிள்ளை கண்ணாடி வழியாக இதைப் பார்க்கிறது. தனக்குச் சொல்லிக்கொடுக்கிற ஆசிரியரும் தப்பு செய்கிறார், திருத்திக்கொள்கிறார் என்று பார்க்கிறது.

வித்தை என்பது மறைத்து வைக்கப்பட்ட ஒரு நாட்டிலிருந்து இதைக் கேட்டுப் பாருங்கள். என்னுடையதைச் சொல்கிறேன். ஊர்ப் பெயரும் ஆள் பெயரும் வேண்டாம். சர்ச்சில் பாட்டுக்கு வாசிக்கிற அண்ணன் ஒருவர் எனக்கு வில் பிடிக்கக் காட்டினார். அதற்குமேல் கற்க வேண்டுமென்று என் அப்பா ஒரு ஆசிரியரிடம் கூட்டிப்போனார். அவர் மறுக்கவில்லை. நல்ல மனிதர் என்றுதான் ஊரில் சொல்வார்கள். காசும் குறைவாகத்தான் வாங்கினார். வகுப்பு எனக்குத் திண்ணையில். மற்ற பிள்ளைகளுக்குக் கூடத்தில். அவர் சாதகம் செய்வதை நான் ஒருநாளும் பார்த்ததில்லை, கேட்டிருக்கிறேன், சுவருக்கு இந்தப் பக்கத்திலிருந்து. அவர் வில் எங்கே திரும்புகிறது, விரல் எப்படி வழுக்குகிறது என்று காதால் ஊகித்தேன். பாதி தப்பாக ஊகித்தேன். அந்தத் தப்புகள் இன்றைக்கும் என் இடது கையில் இருக்கின்றன.

அதனால்தான் அந்தக் கண்ணாடிக் கடையைப் பற்றிப் படித்தபோது எனக்கு இலவச வயலின் பெரிதாகத் தெரியவில்லை. அதுவும் கொடுக்கிறார்கள்; குழந்தை வளர வளர கால், அரை, முக்கால் என்று அளவு மாற்றிக் கொடுக்கிறார்கள்; வாங்கப்போனால் ஒவ்வொரு அளவுக்கும் காசு. ஆனால் எனக்குப் பட்டது சுவர் இல்லாததுதான்.

பிள்ளைகள் வாசிக்கும் நிகழ்ச்சிகளுக்கு அவர்கள் வைத்த பெயர் ‘பெர்ஃபார்மன்ஸ் பார்ட்டி’. வீட்டிலிருந்து சாப்பாடு வரும், தம்பி தங்கைகள் ஓடித் திரிவார்கள், நேற்று தொடங்கிய குழந்தையும் வாசிக்கும், ஆசிரியர்களின் குவார்ட்டெட்டும் அதே இடத்தில் வாசிக்கும். பதின்வயதினருக்குத் தனியாக ஒரு கட்டம். வாரந்தோறும் கூடி, சேர்ந்து சாப்பிட்டு, தங்கள் வாழ்க்கையையும் சமூகநீதியையும் பற்றிப் பேசிவிட்டு, பிறகு சேர்ந்திசைப்பது. சமபந்தி போஜனம் நமக்குப் புதிதல்ல. கோவிலில் ஒருநாள் அமைச்சரும் ஆட்சியரும் இலையில் உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டு போவார்கள். சேர்ந்துண்பதால் மட்டும் சாதியுணர்வு சாகாது என்று பாபாசாகேப் 1936லேயே எழுதிவிட்டார். நானும் அங்கே சாப்பாட்டைப் பெரிதுபடுத்தவில்லை. சாப்பிட்டு முடித்ததும் அதே ஆட்கள் ஒருவர் சுருதியை ஒருவர் நம்பி வாசிக்க வேண்டியிருக்கிறதே, அதைக் கவனிக்கச் சொல்கிறேன்.

இப்போது ‘தகுதி’க்கு வருவோம். 1969இல் ஆர்தர் டேவிஸ், ஏர்ல் மேடிசன் என்ற இரண்டு கறுப்பினக் கலைஞர்கள் நியூயார்க் ஃபில்ஹார்மோனிக்மீது மனித உரிமை ஆணையத்தில் புகார் கொடுத்தார்கள், பாகுபாடு காட்டித் தங்களை ஒதுக்கினார்கள் என்று. திரை போட்டு எங்களைத் தேர்வு செய்யுங்கள் பார்ப்போம் என்றார்கள். 1970களிலிருந்து அமெரிக்க இசைக்குழுக்கள் பலவற்றில் திரை வந்தது. வாசிப்பவர் யாரென்று தேர்வாளருக்குத் தெரியாது. பெண்களின் எண்ணிக்கை நன்றாக ஏறியது. கறுப்பினத்தவர்? 2014 கணக்குப்படி அமெரிக்க இசைக்குழுக்களில் அவர்கள் 1.8 விழுக்காடு. லத்தீன் இனத்தவர் 2.5 விழுக்காடு. திரை முகத்தைத்தான் மறைக்கும். ஆறு வயதிலிருந்து கொடுத்த வகுப்புக் கட்டணத்தை, நல்ல வயலினின் விலையை, வீட்டில் தனி அறை இருந்ததை அது மறைக்காது. அவையெல்லாம் திரைக்குப் பின்னாலிருந்து நாதமாகவே வெளியே வரும். நாதத்தைக் கேட்டு ‘தகுதி’ என்பார்கள். நீட் தேர்வைப் பற்றி நாம் சொல்வதை நான் திருப்பிச் சொல்ல வேண்டியதில்லை.

ஜெஸ்ஸி மான்ட்கோமரி என்ற பெயரைச் சொன்னேன் அல்லவா? கறுப்பினப் பெண். நியூயார்க்கின் லோயர் ஈஸ்ட் சைடில் வளர்ந்தவர். 1894இல் குடியேறிகளின் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய தர்ட் ஸ்ட்ரீட் மியூசிக் ஸ்கூலில் கற்றவர். பிறகு பிராவிடன்ஸ் குவார்ட்டெட்டில் வயலின் வாசித்தார். 2006இல் அந்தக் குழுவுக்காகவும் அதன் விருந்தினர்களுக்காகவும் ‘ஸ்ட்ரம்’ என்ற படைப்பை எழுதினார். வில்லைப் பல இடங்களில் ஓரங்கட்டிவிட்டு, வயலினையும் செல்லோவையும் கித்தார் மாதிரி விரலால் மீட்ட வைக்கும் இசை. நாட்டுப்புற ஆட்டத்தின் துள்ளல் அதில் இருக்கும். இன்று உலகமெங்கும் குவார்ட்டெட்டுகள் அதை வாசிக்கின்றன. 2024இல் ‘ரவுண்ட்ஸ்’ என்ற வேறொரு படைப்புக்கு அவருக்குக் கிராமி விருது கிடைத்தது.

ஒரு தோழர் வெளியே என்னிடம் கேட்டார்: கறுப்பினப் பிள்ளைகளுக்கு எதற்கு மொசார்ட்? அவர்கள் இசை அவர்களுக்கு இல்லையா? இதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. உங்கள் இசை மட்டம், எங்கள் இசையால் உங்களை உயர்த்துகிறோம் என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. அது ‘அரிசன சேவை’யின் வயலின் பதிப்பு. அதைக் கண்டால் விரட்டத்தான் வேண்டும். ஆனால் அவரவர் இசை அவரவருக்கு என்பது எங்கே கேட்ட குரல்? பிறப்பால் தொழில் என்று சொன்னவனின் குரல் அது. பறையடிப்பவர் மகனுக்குப் பறை, பார்ப்பனர் மகனுக்கு வயலின் என்று யார் பிரித்தது? எங்கள் பிள்ளைக்குப் பறையும் வேண்டும், வயலினும் வேண்டும், வயலினில் என்ன வாசிப்பது என்று முடிவு செய்கிற உரிமையும் வேண்டும். மான்ட்கோமரி செய்தது அந்த மூன்றாவது.

பிராவிடன்ஸ்காரர்களிடம் எனக்குக் குறையும் உண்டு. எல்லாம் நன்கொடை. ரூத்துக்கு 2010இல் மெக்ஆர்தர் உதவித்தொகை, 5 லட்சம் டாலர், கிடைத்தது, அறக்கட்டளைகள் கொடுக்கின்றன, 2024இல் வெஸ்ட்மின்ஸ்டர் தெருவிலேயே சொந்தக் கட்டடமும் எழும்பிவிட்டது. நல்லது. ஆனால் சேர வேண்டுமென்று காத்திருக்கும் பிள்ளைகள் எப்போதும் வெளியே இருக்கிறார்கள். அவர்களுக்கு அது உரிமை இல்லை, வரிசை. கொடையாளர் மனம் மாறினால் வரிசையும் போகும். இந்த இடத்தில் நம்மிடம் ஒன்று கூடுதலாக இருக்கிறது. மாவட்ட அரசு இசைப்பள்ளிகள். வயலின், மிருதங்கம், நாதசுரம், தவில் எல்லாம் அரசுச் செலவில். அதை நாம் போதுமான அளவுக்குப் பயன்படுத்தவும் இல்லை, கேள்வி கேட்கவும் இல்லை. நம் தெருவிலிருந்து எத்தனை பிள்ளைகள் விண்ணப்பம் வாங்கினார்கள்?

இன்னொன்றைச் சொல்லி முடிக்கிறேன். 2006இலிருந்து அவர்கள் இளம் இசைக்கலைஞர்களை இரண்டு ஆண்டுகளுக்கு எடுத்துத் தங்களோடு வேலை செய்ய வைக்கிறார்கள். அப்படி வந்துபோனவர்கள் பக்கத்து நியூபோர்ட்டில் ஒரு குவார்ட்டெட்டையும் பிள்ளைகளுக்கான பள்ளியையும் தொடங்கினார்கள். நியூபோர்ட் ஒரு காலத்தில் அடிமைக் கப்பல்கள் புறப்பட்ட துறைமுகம். இப்போது அங்கேயும் பிள்ளைகள் கம்பியைத் தேய்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

நம் படிப்பகத்தின் முன்னறையும் தெருவைப் பார்த்துத்தான் இருக்கிறது. ஷட்டரைத் தூக்கிவிட்டால் முழுத்தெருவும் தெரியும். சர்ச் அண்ணனும் நானும் ஞாயிறு மாலை 4 மணிக்கு அங்கே சாதகம் செய்யப்போகிறோம். வகுப்பு என்று இப்போது சொல்லவில்லை. ஷட்டர் திறந்திருக்கும். வயலின் மூன்று இருக்கிறது, ஒன்றுக்குக் குதிரை உடைந்திருக்கிறது. செல்லோவுக்கு எங்கே போவது என்று தெரியவில்லை. வில்லுக்குப் பூசுகிற ரோசினும் தீர்ந்துபோச்சு. சென்னையிலிருந்து வருகிற தோழர்கள் யாராவது இரண்டு கட்டி வாங்கி வாருங்கள், காசு கொடுத்துவிடுகிறேன்.