அடைக்கலப் பொருளும் கடவுச்சொல்லும்

(அறக்கட்டளையின் விழா அரங்கில் ஆற்றப்பெற்ற உரை)



இல்லறத்தார்க்குரிய சத்திய அணுவிரதத்திற்கு ஐந்து அதிசாரங்கள் உண்டென்பதை அவையோர் அறிவர். உமாசுவாமி அருளிய தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அதிகாரம் அவற்றை வரிசைப்படுத்துகிறது. பிறர் மறைவில் செய்ததை வெளியிடுதல், பொய் ஆவணம் எழுதுதல், அடைக்கலமாக வைத்த பொருளைக் கவர்தல், பிறர் மந்தணத்தைக் குறிப்பால் உணர்ந்து வெளிப்படுத்துதல் ஆகியவை அவற்றுள் அடங்கும். இந்நான்கும் இன்றைய கைபேசி வாழ்வுக்கு அப்படியே பொருந்துகின்றன. ஒருவரிடம் நம்பிச் சொல்லப்படும் கடவுச்சொல்லும் ஓர் அடைக்கலப் பொருளே. அதைப் பெற்றவர்க்குக் கடமை உண்டு. ஒப்படைப்பவர்க்கும் கடமை உண்டு.

சேலம், நாமக்கல் சமவெளியின் வணிகமே இதற்குச் சான்று. ஆத்தூர்ப் பகுதி ஜவ்வரிசியும், பள்ளிபாளையம், குமாரபாளையம் ஜவுளியும் லாரிகளில் வெளிமாநிலங்களுக்குச் செல்கின்றன. 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்கு மாநில எல்லையைக் கடக்க 2018 ஏப்ரல் 1 முதல் இ-வே பில் வேண்டும். அதை எழுதும் கணக்கின் கடவுச்சொல்லை உரிமையாளர், எழுத்தர், புக்கிங் பார்ப்பவர், ஆடிட்டர் அலுவலகத்தார் என நால்வர் அறிந்திருக்கும் ஒரு லாரி அலுவலகத்தை எண்ணிப் பார்க்கலாம். அவசரத்திற்கு உதவட்டும் என்று அது கணினி ஓரத்தில் தாளிலும் ஒட்டப்பட்டிருக்கிறது.

அந்தக் கணக்கில் ஒருநாள் பொய்யான பில் ஒன்று எழுதப்பட்டால், பதிவேட்டில் உரிமையாளர் பெயரே நிற்கும். எழுதியவர் யாரென்று கண்டறிய வழியில்லை. ஐயமோ பெரும்பாலும் குறைந்த சம்பளம் பெறும் எழுத்தர் மீதே விழும். பல்லாண்டு உழைப்பால் அவர் ஈட்டிய நற்பெயர் ஒரே நாளில் அழியும். கடவுச்சொல்லைப் பலரிடம் பரப்புவது பொருளுக்கு மட்டும் கேடு செய்வதன்று. குற்றமற்றவரையும் ஐயத்திற்கு ஆளாக்குகிறது.

இதற்கான தீர்வு அந்தத் தளத்திலேயே உள்ளது. உரிமையாளர் ஒவ்வொரு பணியாளர்க்கும் தனித்தனித் துணைப் பயனர் கணக்கு உருவாக்கலாம். இன்னாருக்கு இன்ன பணி என்று வரையறுக்கலாம். ஒருவர் பணியை விட்டு நீங்கினால் அவர் கணக்கை மட்டும் முடக்கலாம். 2025 ஏப்ரல் 1 முதல் எல்லா வணிகரும் கடவுச்சொல்லோடு கைபேசிக்கு வரும் ஓடிபியையும் இட்டே நுழைய வேண்டும். துணைப் பயனர்க்கு அவரவர் எண்ணுக்கே ஓடிபி வருகிறது. சாவியைக் கொடுக்காமல் அனுமதியை மட்டும் கொடுப்பதே இம்முறையின் சாரம்.

இல்லத்திற்கும் இதுவே நெறி. முதிய தந்தையின் வங்கிப் பணிகளை மகன் கவனிக்க வேண்டுமாயின், பின் எண்ணைக் கேட்டு வாங்குவதினும் கூட்டுக் கணக்கு தொடங்குவதே முறை. பல கடவுச்சொற்களைக் குடும்பத்தார் பகிர நேர்ந்தால், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஜோஹோவின் வால்ட் போன்ற காப்பகங்கள் உதவும். கடவுச்சொல்லைக் கண்ணில் காட்டாமலேயே மற்றவர் நுழைய அவற்றில் வழியுண்டு.

அனுப்பியே ஆகவேண்டிய நிலையில், பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் ஒரே வாட்ஸ்அப் செய்தியில் இடலாகாது. ஒன்றை எழுத்திலும் மற்றொன்றைத் தொலைபேசியில் வாய்மொழியாகவும் தருக. வேலை முடிந்தவுடன் செய்தியை அழித்துக் கடவுச்சொல்லை மாற்றுக. இ-ஆதார் கோப்பின் கடவுச்சொல் பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்துகளும் பிறந்த ஆண்டுமே ஆதலால், அது பூட்டியிருக்கிறது என்று நம்பி எவர்க்கும் அனுப்பலாகாது. முதல் 8 இலக்கங்கள் மறைக்கப்பட்டு, கடைசி 4 மட்டும் தெரியும் ஆதார் படியை அரசே வழங்குகிறது. ஏற்கப்படும் இடங்களில் அதையே தருக. பணம் பெறுவதற்கு யுபிஐ பின் எண் தேவையில்லை என்பதையும் முதியோர்க்கு எடுத்துரைக்க வேண்டும்.

எவரேனும் ஏமாற்றப்பட்டுப் பணம் இழந்தால், உடனே 1930 என்னும் எண்ணை அழைக்க வேண்டும். விரைந்து தெரிவித்தால், சென்ற பணத்தை இடைவழியில் நிறுத்திவைக்க வாய்ப்புண்டு. அந்நேரத்தில் பலரைத் தடுப்பது வெட்கம். பிள்ளைகள் கடிந்துகொள்வரோ என்றஞ்சிப் பெற்றோர் மறைக்கின்றனர். பொன்னான நேரம் கழிகிறது. ஆதலின், ஏமாந்தவரைச் சினவாதிருத்தலும் அகிம்சையின் ஒரு கூறே.

பிறர் பொருளைக் காப்பதுபோல் பிறர் மறையையும் காப்போம் என்னும் உறுதி ஒவ்வோர் இல்லத்திலும் நிலைபெறுக. அறம் வளர்க.