குமரப்பாவின் பேரேடு
(விக்ரோலியில் நடந்த பசுமைத் தொழில்முனைவுக் கருத்தரங்கின் தலைமை உரை)



மும்பையில் ஒரு பொருளியல் கருத்தரங்கைத் தமிழிலேயே நடத்துவது என்று நண்பர்கள் முடிவு செய்ததும், அதற்குத் தலைமை ஏற்க என்னை அழைத்ததும் நான் எதிர்பாராத பேறு. எனக்குப் பாடம் சொன்னவர்கள் முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார்கள். அதனால் கொஞ்சம் பதற்றமும் இருக்கிறது, பொறுத்தருள வேண்டும்.

'பசுமைத் தொழில்முனைவும் நிலைத்த வளர்ச்சியும்' என்பது நமக்குக் கொடுக்கப்பட்ட பொருள். 1987இன் புருண்ட்லாண்ட் அறிக்கை, 1994இல் ஜான் எல்கிங்டன் முன்வைத்த மூவகைக் கணக்கு, கட்டுப்பாடுகள் புத்தாக்கத்தைத் தூண்டும் என்ற மைக்கேல் போர்ட்டரின் வாதம், பெரிய நிறுவனங்களுக்குப் பங்குச் சந்தை ஒழுங்குமுறை வாரியமான செபி 2021இல் கொண்டுவந்த நிலைத்தன்மை அறிக்கை முறை ஆகியவற்றை இந்த அவைக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அவற்றைப் பற்றிப் பிற்பகல் அமர்வுகளில் நல்ல கட்டுரைகள் வருகின்றன.

நாம் கூடியிருக்கும் இந்த விக்ரோலியைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. 1943இல் தொழிலதிபர் பிரோஜ்ஷா கோத்ரெஜ் இங்கே பரந்த நிலம் வாங்கினார். ஆலைகளும் குடியிருப்பும் ஒருபுறம் எழுந்தன. தாணே கழிமுகத்தை ஒட்டிய அலையாத்திக் காட்டில் கை வைக்கவில்லை. 1985இல் அதைப் பேணவே ஒரு கடல்சூழலியல் மையம் தொடங்கினார்கள். அலையாத்திகளை அழிக்கக் கூடாது என்று பம்பாய் உயர்நீதிமன்றம் ஆணையிட்டது 2005இல்தான். தாணே கழிமுகம் ராம்சர் ஈரநிலப் பட்டியலில் இடம் பெற்றது 2022இல். சட்டம் வருவதற்கு வெகுகாலம் முன்பே ஒரு தொழில் குடும்பம் செய்த காரியம் இது. நம் வகுப்பறைகளில் இதை எடுத்துச் சொல்கிறோம். சொல்லவும் வேண்டும். ஆனால் அதோடு நிறுத்திக்கொள்கிறோமே, அங்கேதான் எனக்கு மாறுபாடு.

பசுமைத் தொழில் எது, பசுமை வண்ணம் பூசிக்கொண்ட தொழில் எது என்று பிரித்தறிய நமக்கு ஓர் அளவுகோல் வேண்டும். அதற்கு நாம் வெளிநாட்டு நூல்களைத் தேடிப் போகிறோம். 1920களில் இதே பம்பாயில் தணிக்கையாளராகத் தொழில் நடத்திய ஒரு தமிழர் அதை எழுதி வைத்திருக்கிறார். தஞ்சாவூரில் 1892இல் பிறந்த ஜோசப் செல்லதுரை கொர்னீலியஸ்தான் அவர், ஜே. சி. குமரப்பா என்று நாடு அறிந்தவர். லண்டனில் கணக்கியல் பயின்றவர். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொதுநிதி படித்தவர். 1929இல் காந்தியைச் சந்தித்த பின் அவர் வாழ்க்கை திசை மாறியது. கணக்குப் புத்தகத்தை மட்டும் அவர் கீழே வைக்கவே இல்லை. குஜராத்தின் மாதர் வட்டத்தில் உழவர் குடும்பங்களின் வரவு செலவை எடுத்தார். பிரிட்டன் இந்தியாவின் தலையில் ஏற்றிய கடனை ஆராயக் காங்கிரஸ் 1931இல் அமைத்த குழுவில் பணியாற்றினார்.

ஜபல்பூர் சிறையில் அவர் எழுதி 1945இல் வெளிவந்த 'நிலைத்த பொருளாதாரம்' என்ற நூலைத்தான் நம் துறை புறக்கணித்துவிட்டது. பொருளியலாளர் ஷூமாக்கரின் 1973ஆம் ஆண்டு நூலை நாம் தவறாமல் மேற்கோள் காட்டுகிறோம். அந்த ஷூமாக்கரே மேற்கோள் காட்டிய தஞ்சாவூர்க்காரரை விட்டுவிடுகிறோம்.

அந்த நூலில் குமரப்பா பொருளாதாரங்களை ஐந்தாகப் பிரிக்கிறார். ஒட்டுண்ணி, தான் வாழும் உயிரையே அழிக்கிறது. கொள்ளைக்காரன், எதுவும் தராமல் பலனை எடுத்துக்கொள்கிறான். இதற்கு மாந்தோப்பில் புகும் குரங்கைச் சொல்கிறார். மூன்றாவதுதான் முயற்சி: பறவை தன் உழைப்பால் கூடு கட்டி, அதன் பயனைத் தான் பெறுகிறது. கூட்டத்துக்காக உழைக்கும் தேனீயும் குஞ்சுக்காகப் பாடுபடும் தாயும் அதற்கு மேற்படிகள். என் பெருமதிப்புக்குரிய மூத்த அறிஞர் ஒருவர், இன்று நம்மிடையே இல்லாதவர், இந்த வகைப்பாட்டை உயிரினங்களை வைத்துச் சொன்ன அறவுரை என்று எழுதினார். அவரிடம் நான் கற்றது நிறைய. இந்த ஒன்றில் அன்றும் உடன்படவில்லை, இன்றும் உடன்படவில்லை. உற்றுப் பார்த்தால் ஒவ்வொரு வகையிலும் குமரப்பா இரண்டு பத்திகள் போடுகிறார்: பெற்றது எவ்வளவு, கொடுத்தது எவ்வளவு? இது தணிக்கையாளரின் கேள்வி.

இன்னொரு பிரிவினை இதைவிடக் கூர்மையானது. நிலக்கரி, பெட்ரோலியம், இரும்பு போல எடுக்க எடுக்கக் குறையும் இருப்பில் கைவைக்கும் பொருளாதாரம் ஒன்று. ஆண்டுதோறும் ஊறி வரும் ஓட்டத்திலிருந்து எடுக்கும் பொருளாதாரம் மற்றொன்று. வார்தாவின் மகன்வாடியில், மண்ணெண்ணெய்க்குப் பதில் தாவர எண்ணெயில் எரியும் 'மகன் தீபம்' என்ற விளக்கைக் குமரப்பாவும் உடன் இருந்தவர்களும் உருவாக்கியது இந்தக் கணக்கின்படிதான். இருப்பிலிருந்து ஓட்டத்துக்கு மாறிய ஒரு தொழில்பொருள் அது. பசுமைத் தொழில்முனைவின் வரலாற்றை 1987இன் அறிக்கையிலிருந்து தொடங்கும் கட்டுரையாளர்கள் இதற்கு எங்கே இடம் வைத்திருக்கிறார்கள்?

இந்தப் பேரேட்டைக் கையில் எடுத்துக்கொண்டு தாராவிக்குப் போவோம். திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து அங்கே தோல் பதனிட்ட நம்மவர்களின் கதை இந்த அவைக்குப் புதிதல்ல. நான் சொல்வது அங்குள்ள மறுசுழற்சிப் பகுதியான 13ஆம் காம்பவுண்டு. நகரம் எறிந்த பிளாஸ்டிக் அங்கே வகைவாரியாக, நிறவாரியாகப் பிரிகிறது. வளைத்துப் பார்த்து, கொளுத்தி முகர்ந்து, இது எந்த ரகம் என்று சொல்லிவிடுகிறார்கள். அரைத்து, கழுவி, கூரைமேல் காயவைத்து, உருக்கித் 'தானா' எனப்படும் மணிகளாக்கி விற்கிறார்கள். பெட்ரோலியத்திலிருந்து வந்த பொருள் ஒரு முறையோடு போகாமல் மறுபடி புழங்குகிறது. அங்கே பிரியாத குப்பை எங்கே போகும் என்று விக்ரோலிக்காரர்களிடம் சொல்ல வேண்டியதில்லை. காஞ்சூர்மார்க் குப்பைக் கிடங்கின் நாற்றம் இந்த ஊருக்குத் தெரியும்.

ஆனால் நம் ஆய்வேடுகளில் விக்ரோலி 'தொழில்முனைவு' என்ற தலைப்பில் வருகிறது, தாராவி 'முறைசாராத் துறை' என்ற தலைப்பில். 2022இன் பிளாஸ்டிக் பொதிக்கான உற்பத்தியாளர் பொறுப்பு விதிகளும் இதே கோட்டைத்தான் போடுகின்றன. பதிவு பெற்ற மறுசுழற்சியாளர் தரும் சான்றிதழைத்தான் உற்பத்தியாளர் கணக்கில் காட்ட முடியும். பதிவுக்கு ஜிஎஸ்டி எண் வேண்டும், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவு வேண்டும். பட்டா இல்லாத பத்துக்குப் பத்து அறையில் தொழில் நடத்துபவர் இவற்றுக்கு எங்கே போவார்? அவர் வேலை நடக்கிறது. வரவுப் பத்தியில் அவர் பெயர் இல்லை.

இதற்கு மறுப்பு உண்டு. பிளாஸ்டிக்கை உருக்கும் புகையைத் தொழிலாளர்கள் சுவாசிக்கிறார்கள், கழுவிய நீர் சாக்கடைக்குப் போகிறது, இதைப் பசுமை என்பது எப்படி என்று நண்பர்கள் பலர் கேட்டிருக்கிறார்கள். நியாயமான கேள்வி. குமரப்பாவின் கணக்கும் இதை மன்னிக்காது. தொழிலாளியின் நுரையீரலும் திரும்ப நிரம்பாத இருப்புதான். ஆனால் அந்த இருப்பு கரைவது யாருடைய லாபத்துக்காக? குப்பையாகும் பொதியைச் சந்தையில் விட்டவர் அதன் செலவைக் கட்டாததால்தான் கடைசிக் கைக்குப் புகைபோக்கி வாங்கக் காசில்லை. அந்தக் கையை ஊரைவிட்டு அப்புறப்படுத்தினால் செலவு தீராது, இன்னொரு புறநகரின் தலையில் ஏறும். தாராவி மறுசீரமைப்பில் மறுசுழற்சிப் பட்டறைகளுக்கு இடம் உண்டா என்ற கேள்வியில் நம் துறை வாய் திறக்காமல் இருப்பது எனக்கு வருத்தம் தருகிறது. கட்டிடக் கலைஞர்கள் பேசிவிட்டார்கள், சமூகவியலாளர்கள் பேசிவிட்டார்கள். கணக்குத் தெரிந்த நாம்தான் பேசவில்லை.

ஆகவே இந்தக் கருத்தரங்கின் தீர்மான வரைவில் இரண்டு வரிகளைச் சேர்க்குமாறு முன்மொழிகிறேன். சிறு பட்டறைகள் கூட்டுறவாகச் சேர்ந்து ஒரே பதிவின் கீழ் மறுசுழற்சிச் சான்றிதழ் தர வழி செய்ய வேண்டும். அந்தச் சான்றிதழின் விலையில் ஒரு பங்கு காற்றுப்போக்கிக்கும் கழிவுநீர்த் தொட்டிக்கும் என்று ஒதுக்கப்பட வேண்டும். மறுப்பவர்கள் முதல் அமர்விலேயே மறுக்கலாம். அதற்கென்று அரை மணி நேரம் கூட்டித் தரும்படி அமைப்பாளர்களிடம் கேட்டிருக்கிறேன்.