தற்காலிக உத்தியோகமும் சீனியாரிட்டியும்



பிழைப்பின் பொருட்டுப் பிறந்த மண்ணை விட்டு டில்லிக்கும் மும்பைக்கும் கொல்கத்தாவுக்கும் சென்ற தமிழர் பலர் அரசாங்க உத்தியோகத்தை நம்பியே சென்றனர். அவர்கள் கையில் கிடைத்த முதல் உத்தரவில் பெரும்பாலும் ஒரு சொல் இருந்தது: ‘தற்காலிகம்’. வேலை கிடைத்ததே என்ற மகிழ்ச்சியில் அச்சொல்லை நாம் பெரிதாக எண்ணுவதில்லை. ஊருக்கு ஒரு கடிதம் எழுதிவிட்டு, மறுநாள் காலை அலுவலகத்திற்குப் போய்விடுகிறோம். பத்தாண்டு கழிந்து பதவி உயர்வுக்கான பட்டியல் வெளிவரும்போதுதான் அச்சொல் மீண்டும் நம் கண்முன் வந்து நிற்கிறது. தற்காலிகமாக உழைத்த ஆண்டுகள் சீனியாரிட்டிக்குக் கணக்கில் சேருமா, சேராதா? இதனையே இன்று ஆராய்வோம்.

ஒரே அறையில் அடுத்தடுத்த மேசைகளில் அமர்ந்திருக்கும் இரு குமாஸ்தாக்களை எண்ணிக்கொள்வோம். முதலாமவர் ஆறு மாதத்திற்கென்று நியமிக்கப்பட்டவர். அந்த ஆறு மாதம் நீண்டு நீண்டு ஐந்து ஆண்டாயிற்று. பிறகு தேர்வு எழுதித் தேறி, முறைப்படி நியமனம் பெற்றார். இரண்டாமவரோ, முதலாமவர் வந்த மூன்றாம் ஆண்டில், தேர்வின் வழியே நேராக வந்தவர். கோப்புகளைக் கையாளும் விதத்தை அவருக்குக் கற்றுக்கொடுத்தவரே முதலாமவர்தான். ஆனால் பட்டியலில் கற்றவர் மேலே நிற்கிறார். கற்பித்தவர் கீழே நிற்கிறார். இது நியாயமா என்று முதலாமவர் கேட்கிறார். ‘தேர்வு எழுதி வந்த என்னைப் பின்னுக்குத் தள்ளுவது மட்டும் நியாயமா?’ என்று இரண்டாமவரும் கேட்கிறார். இருவர் கேள்வியிலும் பொருள் இருக்கிறது. ஆகவேதான் இவ்வழக்கு பல்லாண்டுகளாக நீதிமன்றங்களை விட்டு நீங்காதிருக்கிறது.

முற்காலத்து நிலையை முதலில் அறிவது நலம். 1959ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள் மத்திய உள்துறை அமைச்சகம் சீனியாரிட்டியைப் பற்றிய பொதுக் கோட்பாடுகளை வெளியிட்டது. நிரந்தரமாக்கப்பட்டவர் முன்னே, ஆகாதவர் பின்னே என்பது அதன் அடிப்படைகளுள் ஒன்று. தேர்வில் முதலிடம் பெற்றவரும், நிரந்தரமாக்கும் உத்தரவு தாமதித்து வந்தால், பின்னுக்குப் போக நேர்ந்தது. நிரந்தரமாக்குவதோ ஊழியரின் திறமையை மட்டும் பொறுத்ததன்று. நிரந்தரப் பதவி காலியாக இருக்க வேண்டும், மேலதிகாரி கோப்பினை நகர்த்த வேண்டும். தம் கையில் இல்லாத காரணத்தால் ஒருவர் வாழ்நாள் முழுவதும் பின்தங்குவதா? 1977ஆம் ஆண்டு மகாராஷ்டிரப் பொறியாளர்களின் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த முறையைக் கடுமையாகக் குறை கூறியது.

பின்னர், 1990ஆம் ஆண்டு மே மாதம் 2ஆம் நாள், மீண்டும் மகாராஷ்டிரப் பொறியாளர்களைப் பற்றியே எழுந்த வேறொரு வழக்கில், ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு தெளிவான நெறிகளை வகுத்தது. விதிப்படி தேர்ந்தெடுக்கப்பட்டு ஒரு பதவியில் நியமிக்கப்பட்டவரின் சீனியாரிட்டி, நியமனம் பெற்ற நாளிலிருந்தே எண்ணப்பட வேண்டும். நிரந்தரமாக்கப்பட்ட நாளிலிருந்து அன்று. அதே மூச்சில் நீதிமன்றம் மற்றொன்றையும் கூறியது. விதிகளைப் பின்பற்றாமல், இடைக்கால ஏற்பாடாக மட்டும் ஒருவரை அமர்த்தியிருந்தால், அக்காலம் சீனியாரிட்டிக்குச் சேராது. இந்த இரண்டிற்கும் நடுவே ஒரு நிலையையும் அமர்வு ஒப்புக்கொண்டது. முறையில் குறை இருந்தபோதிலும், ஒருவர் இடையறாது அப்பதவியிலேயே தொடர்ந்து, பின்பு விதிப்படி முறைப்படுத்தப்பட்டால், முன்னைய காலமும் சேரும்.

இந்த நடுநிலையைப் பற்றிக்கொண்டு பலர் வழக்குத் தொடுத்தனர். 1993இல் மேற்கு வங்க அரசின் வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் அதன் எல்லையைக் காட்டியது. காலியிடம் உண்மையில் இருந்திருக்க வேண்டும். நியமனம் குறித்த காலத்திற்கு மட்டும் என்று இருத்தலாகாது. அவருக்குத் தகுதி இருந்திருக்க வேண்டும். நடைமுறையில் நேர்ந்த குறை அவர் பிழையால் வந்ததாக இருத்தல் கூடாது. முதல் வாய்ப்பிலேயே அது சரிசெய்யப்பட்டும் இருக்க வேண்டும். ஆகவே பின்கதவு வழியே வந்தவர்க்கு இதில் இடமில்லை.

இதற்கிடையே, 1992ஆம் ஆண்டு நவம்பர் 4ஆம் நாளிட்ட உத்தரவினால், மத்திய அரசும் சீனியாரிட்டியை நிரந்தரமாக்குதலிலிருந்து பிரித்துவிட்டது. முதல் நியமனத்தின்போது பெற்ற தகுதி வரிசையே சீனியாரிட்டியை நிர்ணயிக்கும் என்றாயிற்று. ஒரே தேர்வில் தேறியவர்களுள் ஒருவர் ஒரு வாரம் முந்தி வந்து வேலையில் சேர்ந்துவிட்டதனால் மட்டும் மேலே ஏறிவிட முடியாது.

இனி நம் இரு குமாஸ்தாக்களிடம் திரும்புவோம். முதலாமவர் தேர்வின்றி ஆறு மாதத்திற்கென அமர்த்தப்பட்டவர். பின்பு புதிதாகத் தேர்வு எழுதி வந்தவர். அவருடைய ஐந்தாண்டு சீனியாரிட்டிக்குச் சேராது. ஆனால் அவர் முதலிலேயே தேர்வில் தேறி வந்திருந்து, பதவிக்கு ஆண்டுதோறும் அனுமதி பெற வேண்டியிருந்த காரணத்தால் மட்டும் உத்தரவில் ‘தற்காலிகம்’ என்று எழுதப்பட்டிருந்தால், முதல் நாளிலிருந்தே கணக்கு ஓடும். சொல் ஒன்று, பொருள் இரண்டு. உத்தரவில் எழுதிய சொல்லைக் காட்டிலும், நாம் எவ்வழியே உள்ளே வந்தோம் என்பதே முக்கியம்.

முதலாமவரின் உழைப்பு முழுவதும் வீண்தானா? அன்று. சீனியாரிட்டி வேறு, பென்ஷன் வேறு. 2004ஆம் ஆண்டுக்கு முன் மத்திய அரசுப் பணியில் சேர்ந்து பழைய பென்ஷன் விதிகளுக்கு உட்பட்டவர்க்கு, தற்காலிகப் பணியை அடுத்து இடையறாது நிரந்தர நியமனம் வந்திருந்தால், முன்னைய காலமும் பென்ஷன் கணக்கில் சேரும். ஒன்றில் தோற்றோம் என்று மற்றொன்றையும் கைவிடுதல் கூடாது.

வெளிமாநிலங்களில் வாழும் நமக்கு இதனோடு ஒட்டிய மற்றொரு கவலையும் உண்டு. வயது முதிர்ந்த பெற்றோரைக் கவனிக்க வேண்டும், குழந்தைகள் தாய்மொழியில் நான்கு எழுத்துப் படிக்க வேண்டும் என்றெல்லாம் எண்ணி ஊர்ப்பக்கம் மாற்றல் கேட்கிறோம். ரயில்வே விதிகளின்படி, சொந்த விருப்பத்தின்பேரில் ஒரு ரயில்வேயிலிருந்து மற்றொன்றுக்கு மாறுகிறவர், புதிய இடத்தில் அதே நிலையில் ஏற்கெனவே உள்ள தற்காலிக ஊழியர்க்கும் கீழேதான் வைக்கப்படுவார். பதினைந்து ஆண்டு உழைத்தவரும் வரிசையின் கடைசியில் போய் நிற்க வேண்டும். நிர்வாகத்தின் நலனுக்காக மாற்றப்பட்டவர்க்கு இந்த இழப்பு இல்லை. எனினும், மாறி வந்தவரின் பழைய பணிக்காலம் சீனியாரிட்டிக்குச் சேராவிடினும், பதவி உயர்வுக்கு வேண்டிய அனுபவத் தகுதியைக் கணக்கிடும்போது சேரும் என்று 1990களில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. இத்தனை ஆண்டு அனுபவம் வேண்டும் என்ற நிபந்தனைக்கு விதி வேறாகச் சொல்லாதவரை அந்த ஆண்டுகள் உதவும். ஊர் திரும்பும் ஆசையோடு விண்ணப்பத்தில் கையெழுத்திடுமுன் இதனை வீட்டாரோடு கலந்து பேசுதல் நன்று.

நாம் செய்யக்கூடியவை சில உண்டு. முதல் நியமன உத்தரவையும் தேர்வு முடிவையும் பெட்டியில் பத்திரமாக வைத்திருப்போம். பணிப்பதிவேட்டில் சேர்ந்த நாளும் நியமனத்தின் தன்மையும் சரியாகப் பதிவாகியுள்ளனவா என்று பார்ப்போம். வரைவுப் பட்டியல் சுற்றுக்கு வரும்போதே, குறித்த தவணைக்குள் எழுத்து மூலம் ஆட்சேபம் தெரிவிப்போம். மத்திய அரசு ஊழியர் நிர்வாகத் தீர்ப்பாயத்தை நாடுவதற்கு, இறுதி உத்தரவு கிடைத்த நாளிலிருந்து ஓராண்டே பொதுவான காலவரம்பு. நெடுங்காலம் நிலைத்துவிட்ட பட்டியலைக் கலைக்க நீதிமன்றங்கள் எளிதில் இசைவதில்லை. மாநில அரசுகளுக்குத் தனித்தனி விதிகள் உண்டு. அவ்வூழியர் அவற்றையும் பார்க்க வேண்டும்.

முதலாமவரின் மனவருத்தம் இத்தனையும் சொன்ன பின்னரும் தீராது என்பதை நாம் அறிவோம். ஆறு மாதத்திற்கென்று அழைத்து ஐந்தாண்டு வேலை வாங்கியது அவர் பிழையன்று; காலியிடத்தை உரிய காலத்தில் முறைப்படி நிரப்பாத நிர்வாகத்தின் பிழை. ஆனால் அதற்கு ஈடாக, தேர்வு எழுதி வந்த மற்றொருவரின் இடத்தை எடுத்துக் கொடுக்கவும் இயலாது. தேர்வுகளைத் தாமதமின்றி நடத்துவதே இந்நோய்க்கு மருந்து. அதுவரை, கற்பித்தவரும் கற்றவரும் ஒருவரையொருவர் பகைவராக எண்ணாதிருப்பதே நம் அலுவலகங்களுக்கு அழகு.