ஆரல்வாய்மொழிக் காற்றாலைகள்

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



திருநெல்வேலியிலிருந்து நாகர்கோவிலுக்குச் செல்லும் ரயில் பணகுடியைத் தாண்டியதும் இருபுறமும் காற்றாலைகள் தோன்றும். நம் குழந்தைகள் அவற்றை எண்ணத் தொடங்கி, எண்ணி முடியாமலே ஊர் சேர்வர். அவற்றின் வரலாற்றைச் சிறிது கூறவே யாம் எழுந்துள்ளோம்.

மேற்குத் தொடர்ச்சி மலை தெற்கே முடியுமுன் விட்ட இடைவெளியே ஆரல்வாய்மொழிக் கணவாய். தென்மேற்குப் பருவத்தில், மலைக்கு அப்பால் மழையைக் கொட்டிவிட்டு வரும் காற்று இக்குறுகிய வாயிலில் விசைபெற்றுக் கிழக்கே பாய்கிறது. மழை அவர்களுக்கு, காற்று நமக்கு! வைகாசி முதல் புரட்டாசி வரை வீசும் அக்காற்றில் எம் பாட்டனாரின் மானாவாரி நிலத்தில் ஈரம் நின்றதில்லை. அதனாலேயே அவர் தாராவிக்கு வந்து தோல் பதனிடும் தொழிலில் அமர்ந்தார். இங்குள்ளோர் பலரின் வீட்டுக் கதையும் இதுவே அன்றோ?

1986-ஆம் ஆண்டில் நம் நாட்டின் முதல் காற்றாலைப் பண்ணைகள் குஜராத்தில் ஓகா, இம்மராட்டிய மாநிலத்தில் இரத்தினகிரி, தமிழகத்தில் தூத்துக்குடி ஆகிய கடற்கரைப் பகுதிகளில் அமைந்தன. ஓர் இயந்திரத்தின் திறன் 55 கிலோவாட். பின்னர் டென்மார்க் நாட்டின் உதவியுடன் கயத்தாற்றிலும், ஆரல்வாய்மொழியை அடுத்த முப்பந்தலிலும் ஆலைகள் எழுந்தன. இசக்கியம்மன் கோயிலால் பெயர்பெற்றிருந்த முப்பந்தல், 1990-களில் தனியார் முதலீடு பெருகவே உலகறிந்த ஊராயிற்று.

எம் தந்தையார் அந்நிலத்தை முள் மண்டிய தரிசென்று எண்ணிக் கேட்ட விலைக்கே கொடுத்துவிட்டார். மண்ணுக்குத்தான் விலை பேசினார். காற்றுக்கும் விலையுண்டென்று வாங்கியவர் சொல்லவில்லை. இன்று அதில் மூன்று ஆலைகள் சுழல்கின்றன. எமக்கு வருத்தமுண்டு; மறைப்பானேன்? ஆயினும், நம்மை ஊரைவிட்டு விரட்டிய காற்று இப்போது கூலியாளாய் உழைக்கிறதே என்று ஒரு திருப்தியும் உண்டு.

இந்நாளில் ஓர் இயந்திரமே 2,000 கிலோவாட்டுக்கு மேல் தரவல்லது. பழைய ஆலைகளைப் புதுப்பிக்கவும் மாற்றியமைக்கவும் தமிழக அரசு 2024-இல் கொள்கை வகுத்தது. நல்ல காற்றுள்ள இடத்தைச் சிற்றியந்திரங்கள் அடைத்து நிற்றல் முறையன்று; அதனை யாம் எதிர்க்கவில்லை. ஆனால் அனைத்தையும் பழைய இரும்பாக எடைக்குப் போட்டுவிடலாகாது. ரயில்வேயில் பழைய நீராவி இயந்திரங்களுக்கு வர்ணம் பூசி அலுவலக வாயில்களில் நிறுத்தியிருக்கிறோம். குழந்தைகள் தொட்டுப் பார்க்கின்றனர். அவ்வாறே பழைய காற்றாலை ஒன்றை ஆரல்வாய்மொழி நிலையத்தருகே நிறுத்துதல் வேண்டும்.

இதனை ஒரு விண்ணப்பமாக எழுதிக் கொணர்ந்துள்ளோம். அது காரியதரிசி அவர்களின் மேசைமீது இருக்கிறது. சாப்பாட்டுப் பந்திக்குச் செல்லுமுன் அனைவரும் கையொப்பமிடுமாறு வேண்டுகிறோம்.