தொட்டுக் கற்க வேண்டிய தொழில்

 

இச்சங்கத்தின் விடுதியில் தங்கிப் பயின்று செவிலியராகவும் மருத்துவமனை ஊழியராகவும் ஆனோர் சார்பில் பேசுமாறு எங்களைப் பணித்துள்ளீர்கள். வெள்ளிவிழா மேடையில் சங்கத்தின் புகழைப் பாடுவதே மரபு. அதனை எங்களினும் நன்கு செய்வோர் பின்னர்ப் பேச இருக்கின்றனர். நாங்கள் ஆறாப் புண்ணைப் பற்றிப் பேச விழைகின்றோம்.

காலில் ஆறாத புண்ணோடு திண்ணையில் அமர்ந்திருக்கும் பெரியவர் ஒருவரையேனும் அறியாதார் இவ்வவையில் இரார். வயலிலும் செங்கற்சூளையிலும் துப்புரவுப் பணியிலும் வெறுங்காலோடு உழைத்த கால்கள் அவை. நீரிழிவு நோய் நரம்பின் உணர்ச்சியைக் கெடுத்துவிட்டால் முள் தைத்தாலும் தெரிவதில்லை. வலி இன்மையால் அவர் மேலும் நடக்கின்றார். நடக்க நடக்கப் புண் ஆழ்ந்து எலும்பைத் தொடுகின்றது. பிறகு காலை எடுக்க நேர்கின்றது. காலோடு கூலி போகின்றது. கூலியோடு பிள்ளையின் படிப்பும் போகின்றது. ஆதலின் கல்விச் சங்கத்தின் மேடைக்கு இது புறம்பான பொருள் அன்று.

இத்துறையில் உலகம் நம் வேலூர்ப் பகுதியிடம் கற்றது உண்டு. கொல்லிமலையில் 1914இல் பிறந்த மருத்துவர் பால் பிராண்டு, 1946இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயாளரின் சதை தானே அழுகி உதிர்வதாக அந்நாளில் பலரும் நம்பினர். உணர்விழந்த பாதத்தின்மீது ஓயாது விழும் அழுத்தமே புண்ணுக்குக் காரணம் என்று அவரும் உடனுழைத்தோரும் காட்டினர். மாவுக்கட்டுப் போட்டு அவ்வழுத்தத்தைப் பாதம் முழுவதும் பரவச் செய்தபோது, விலையுயர்ந்த மருந்தின்றியே பல புண்கள் ஆறின. 1966இல் அவர் அமெரிக்காவின் கார்வில் மருத்துவமனைக்குச் சென்றபின், தொழுநோயாளரிடம் கற்ற இம்முறை நீரிழிவு நோயாளருக்கும் பயன்படலாயிற்று.

ஆறிய புண் மீண்டும் வாராமல் காத்தது எது? நுண்துளை ரப்பர் வைத்துத் தைத்த செருப்பு! 1955இல் தோன்றிய கரிகிரி தொழுநோய் மருத்துவமனையில் செருப்புத் தைப்போரின் கைத்திறனும் சிகிச்சையின் ஓர் உறுப்பாயிற்று. தோலைத் தொட்டமைக்காக எந்தத் தொழிலை ஊர் ஒதுக்கி வைத்ததோ, அந்தத் தொழிலே மனிதரின் காலைக் காத்தது. மருத்துவ வரலாறு எழுதுவோர் இதனை ஒரு வரியில் கடந்துவிடலாம், நாம் கடத்தலாகாது.

இனிப் பயிற்சிக்கு வருவோம். பத்துக் கிராம் விசையில் வளையும் நைலான் இழையைக் கொண்டு பாத உணர்ச்சியைச் சோதிக்கலாம் என்று தேர்வில் எழுதிவிடலாம். நோயாளரைக் கண்மூடச் செய்து, இழை வளையும் அளவுக்கு மட்டும் அழுத்தி எடுப்பது கைக்குப் பழகவேண்டிய செயல். கணுக்காலிலும் கையிலும் இரத்த அழுத்தத்தை அளந்து ஒப்பிடாமல் காலில் இறுக்கக் கட்டுப் போட்டால், அடைபட்ட இரத்தக்குழாயுடைய கால் கெட்டுப்போகும். எவ்வளவு இறுக்கம் என்பதை எந்த நூலும் விரலுக்குச் சொல்லித்தர இயலாது. செத்த சதையை வெட்டியெடுக்கும் பயிற்சி பன்றிக்காலில் தொடங்குவது வழக்கம். உடன் பயின்றோர் சிலர் அதனைத் தொட முகம் சுளித்தனர். நம் பெண்கள் சுளிக்கவில்லை. இதனைச் சற்றுப் பெருமையோடுதான் சொல்கின்றோம்.

ஈரம் காக்கப்பட்ட புண், காற்றில் உலரவிட்ட புண்ணைக் காட்டிலும் ஏறத்தாழ இருமடங்கு விரைவில் தோல் மூடுகின்றது என்று, பன்றிகளிடம் செய்த ஆய்வின் வழி ஜார்ஜ் விண்டர் 1962இல் வெளியிட்டார். அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் "புண்ணைக் காற்றாட விடு" என்னும் அறிவுரை ஓயவில்லை. புதிதாய் வளரும் சதையைக் கெடுக்கும் ஸ்பிரிட்டை ஊற்றிக் கழுவும் வழக்கமும் ஓயவில்லை. விரிவுரை கேட்டோர் பலர். செய்து பழகியோர் சிலர்.

மற்றொன்றும் சொல்லியாக வேண்டும். அரசமைப்புச் சட்டத்தின் 17ஆம் பிரிவு 1950இலேயே தீண்டாமையை ஒழித்தது. எனினும் நாங்கள் பணியாற்றிய இடங்கள் சிலவற்றில், நாற்றமெடுத்த கட்டை அவிழ்ப்பது கடைநிலை ஊழியர் வேலை என்றே ஒதுக்கப்பட்டிருந்தது. நாள்தோறும் புண்ணைக் காண்பவர் அவர். பயிற்சிக்கு அனுப்பப்படுவோர் பட்டியலில் அவர் பெயர் மட்டும் இராது.

வெள்ளிவிழா நிதியைக் கொண்டு இரண்டாம் மாடி எழுப்பலாம் என்றொரு கருத்து நிலவுகின்றது. அதனை நாங்கள் மறுக்கவில்லை. அந்நிதியில் ஒரு பங்கை ஒதுக்கி ஆண்டுதோறும் நால்வரை அனுப்புங்கள் என்றே வேண்டுகின்றோம்: செவிலியர் இருவர், மருத்துவமனைக் கடைநிலை ஊழியர் ஒருவர், செருப்புத் தைப்பவர் ஒருவர். கட்டணமும் வழிச்செலவும் மட்டும் போதா. அந்நாள்களில் இழக்கும் கூலியையும் ஈடு செய்தல் வேண்டும். கருவியைக் கையில் தராமல் சான்றிதழை மட்டும் தரும் வகுப்புகளுக்கு ஒரு காசும் கொடுக்க வேண்டா.

அவர்கள் திரும்பி வரும்வரை நாங்கள் வாளாவிருக்கப் போவதில்லை. வரும் ஞாயிறு முதல் காலை வேளையில் இம்மண்டபத்திலேயே கால் பார்க்க இருக்கின்றோம். ஒரு பெஞ்சும், நல்ல வெளிச்சமும், கொதித்தாறிய நீரும் ஏற்பாடு செய்து தாருங்கள். வீட்டுப் பெரியவர்களை அழைத்து வாருங்கள். அவர்கள் அணியும் செருப்பையும் உடன் கொண்டுவரச் சொல்லுங்கள். அதன் உட்புறத்தையும் தடவிப் பார்க்க வேண்டும்.